விலகி நிற்கும் அன்பு

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், லாட்ஜ்போல் என்றொரு முகாமிடம் உள்ளது. செக்கோயா தேசியப் பூங்காவுக்குள் அமைந்த இவ்விடத்தின் ஓரமாகக் கவீயா ஆற்றின் கிளையொன்று கருங்கல் பாறைகளுக்கிடையே சலசலத்து ஓடுகிறது. கோடைக்காலத்தில் குடும்பங்கள் இங்கே வந்து கூடாரமடித்துத் தங்குகின்றன. உலகிலேயே மிகப் பெரிய மரங்களைக் காண வருபவர்கள் அவர்கள். ஆனால் அந்த மரங்கள் முகாமில் இல்லை. சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. மரங்களைக் காண வந்தவர்களுக்கு மரங்களின் அடியிலேயே தங்குமிடம் ஏன் அமைக்கவில்லை? இக்கேள்விக்கான விடையில் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. அன்பு என்று நாம் அழைப்பது எதனை என்ற விசாரமும் அதனுள் இருக்கிறது.

ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். ஃபிரெஸ்னோ நகரிலிருந்து வந்திருக்கும் தந்தை, தாய், பத்து வயது மகன், தந்தையின் தாயாரான எழுபத்தைந்து வயதுப் பாட்டி. இவர்கள் கற்பனை மனிதர்கள். இவர்கள் காண்பவை மெய்யானவை.

மாலையில் கூடாரம் அடித்து முடித்ததும் இவர்கள் செய்யும் முதல் வேலை, உணவுப் பொருள் அனைத்தையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துத் தாழிடுவது. ஒவ்வொரு குடும்பம் தங்கும் இடத்திலும் அத்தகைய பெட்டி உண்டு. ரொட்டியும் பழமும் மட்டுமல்ல, பற்பசை, சோப்பு என மணமுள்ள எதுவும் வெளியே இருக்கலாகாது. கருங்கரடிகள் உலவும் காடு அது.

"கரடிக்குப் பசிக்காதா, பாட்டி? ஒரு ரொட்டித் துண்டு வைத்தால் என்ன?" என்கிறான் சிறுவன்.

பூங்காக் காவலர்கள் இதற்கு வைத்திருக்கும் விடை கடுமையானது. மனித உணவின் சுவை கண்ட கரடி, கனியையும் புல்லையும் பூச்சியையும் தேடியலையும் உழைப்பை விட்டுவிடும். கூடாரத்தைக் கிழிக்கும், காரின் கதவைப் பெயர்க்கும், மனிதரிடம் கொண்டிருந்த அச்சத்தை இழக்கும். இறுதியில் அதனைக் கொல்வதைத் தவிர வழியில்லாத நிலை வரலாம். இரக்கத்தோடு வைத்த ரொட்டித் துண்டே அதற்கு மரண தண்டனையாகிவிடுகிறது. இதைக் கேட்ட சிறுவன், பெட்டியின் தாழைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறான்.

பிறகு குளிர்காயத் தீ மூட்டும் நேரம். அதற்கென்றே இரும்பு வளையம் பதித்த குழி ஒன்று இருக்கிறது. சுள்ளிகளை அடுக்கிய சிறுவன் தீப்பெட்டியை எடுக்கிறான். தாய் அதனை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொள்கிறார். "சுட்டுக்கொள்வாய்" என்கிறார். அவ்வளவுதான், அவன் ஒன்றும் சொல்லாமல் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

பாட்டிக்கு இக்காடு புதிதல்ல. 1950களில், சிறுமியாக இருந்தபோது, பெற்றோருடன் இங்கே பல கோடைகளில் வந்திருக்கிறார். அன்று அவர்கள் தங்கியது இந்த முகாமில் அல்ல. 'ஜயன்ட் ஃபாரஸ்ட்' என்று, அதாவது பெருமரக் காடு என்று, 1875-இல் ஜான் மியூர் பெயரிட்ட தோப்பின் நடுவிலேயே அன்று கூடாரங்கள் இருந்தன. வாடகைக் குடில்கள், உணவு விடுதி, கடை, வாகனங்கள் நிறுத்துமிடம் என ஒரு சிற்றூரே இருந்தது. காலையில் கூடாரத்தின் திரையை விலக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் செந்நிற அடிமரம் நிற்கும். பிள்ளைகள் கைகோத்து அதனைச் சுற்றி வளைக்கப் பார்ப்பார்கள், கைகள் போதமாட்டா. "நாளைக்கு அந்த இடத்தைக் காட்டுகிறேன்" என்று பேரனிடம் சொல்கிறார் பாட்டி.

வேலிக்கு அப்பால்

மறுநாள் காலை அவர்கள் முதலில் காண்பது 'ஜெனரல் ஷெர்மன்' என்னும் மரம். அதன் உயரம் 275 அடி, அதாவது ஏறத்தாழ 84 மீட்டர். தரையருகே அதன் சுற்றளவு 31 மீட்டர். இதைவிட உயர்ந்த மரங்கள் கலிஃபோர்னியாவின் கடற்கரையோரத்தில் இருக்கின்றன. இதைவிட முதிய மரங்களும் உண்டு. ஆனால் அடிமரத்தின் கன அளவில் இதற்கு நிகரான மரம் இன்று உலகில் இல்லை. அது ஏறத்தாழ 1,487 கன மீட்டர். வயது சுமார் 2,200 ஆண்டுகள் என மதிப்பிடுகின்றனர். நம் நாட்டில் மௌரியப் பேரரசு தளர்ந்து மறைந்துகொண்டிருந்த காலத்தில் இது ஓர் இளங்கன்றாக இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி ஒருவர் பெயரால் இம்மரம் அழைக்கப்படுகிறது. 1880களின் பிற்பகுதியில் இப்பகுதியில் குடியேறிய பொதுவுடைமைக் குழுவினர் இதற்குக் கார்ல் மார்க்ஸின் பெயரைச் சூட்டியிருந்தனர். இரு பெயர்களைப் பற்றியும் மரத்திற்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

மரத்தைச் சுற்றி வேலி இருக்கிறது. "தொட்டுப் பார்க்கக்கூட விடமாட்டார்களா?" என்று சிறுவன் வருந்துகிறான். இத்தனை பெரிய மரத்திற்குச் சிறுவனின் கை என்ன செய்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பர். கையினால் கேடில்லை, காலினால்தான். முதிர்ந்த செக்கோயாவுக்கு ஆழமான ஆணிவேர் கிடையாது. அதன் வேர்கள் பெரும்பாலும் நான்கு மீட்டர் ஆழத்திற்குள் அடங்கிவிடுகின்றன; பக்கவாட்டிலோ முப்பது மீட்டருக்கும் அப்பால் பரவுகின்றன. நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்ணிய வேர்கள் மேல்மண்ணில் இருக்கின்றன. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் அன்போடும் வியப்போடும் வந்து அந்த மண்ணை மிதித்தால் மண் இறுகும், நீர் உள்ளிறங்காது. ஒருவர் மிதிப்பதால் எதுவும் நேர்ந்துவிடாது என்பது உண்மை. ஆனால் அங்கு வருகிற ஒவ்வொருவரும் அந்த ஒருவர்தாம்.

வித்தும் தீயும்

நடைபாதையின் ஓரத்தில் சிறுவன் ஒரு கூம்பைக் கண்டெடுக்கிறான். கோழிமுட்டை அளவுதான் இருக்கிறது. தட்டினால் அதிலிருந்து செதில் போன்ற வித்துக்கள் உதிர்கின்றன. ஒவ்வொன்றும் ஓட்ஸ் அவல் துணுக்கைப் போல மெல்லியது. ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 2 லட்சம் வித்துக்கள் வேண்டும்.

சாந்தோக்ய உபநிஷதத்தைப் பயின்றவர்களுக்கு இங்கே உத்தாலகரும் ஸ்வேதகேதுவும் நினைவுக்கு வராமல் இரார். தந்தை மகனை ஓர் ஆலம்பழம் கொண்டுவரச் செய்கிறார். அதனைப் பிளக்கச் சொல்கிறார். நுண்ணிய வித்தையும் பிளக்கச் சொல்கிறார். உள்ளே ஒன்றும் தென்படவில்லை என்கிறான் மகன். கண்ணுக்குத் தென்படாத அந்த நுண்மையிலிருந்தே இப்பெரிய மரம் எழுந்து நிற்கிறது என்று தந்தை தொடங்குகிறார். ஒரு மகனுக்குத் தந்தை கற்பித்த பாடங்களில் இதனினும் உயர்ந்தது இல்லை எனலாம். பெருமரங்களின் கீழ் நின்று இதனை நினைவுகூர்வது பொருத்தமே.

ஆயினும் செக்கோயாக் காடு வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. வித்து இருக்கிறது. நுண்மையும் அதனுள் குறைவின்றி இருக்கிறது. அப்படியிருந்தும் நூறாண்டுக் காலமாகப் பல தோப்புகளில் வித்துக்கள் ஏன் அரிதாகவே முளைத்தன? நன்கு பாதுகாக்கப்பட்ட காட்டில் கிழ மரங்கள் மட்டும் நிற்க, கன்றுகள் காணாமற் போனது எப்படி?

செக்கோயாவின் கூம்புகள் முதிர்ந்தவுடன் விரிவதில்லை. பச்சையாக, மூடியபடியே இருபது ஆண்டுகள்வரைகூட மரத்தில் தொங்குகின்றன. அணில் கடித்து வீழ்த்துவதாலும், ஒருவகை வண்டின் புழு உள்ளே துளைப்பதாலும் சில கூம்புகள் உலர்ந்து திறப்பதுண்டு. ஆனால் பெருமளவில் அவற்றைத் திறப்பது காட்டுத்தீ. தரையோடு படர்ந்து செல்லும் தீயின் வெப்பக்காற்று மேலெழுந்து கூம்புகளை உலர்த்துகிறது. அடுத்த சில நாட்களில் வித்துக்கள் மழைபோல் உதிர்கின்றன. உதிரும் வித்து சருகுக் குவியலில் விழுந்தால் வேர் மண்ணைத் தொடுமுன் காய்ந்துவிடும். அதற்கு வேண்டியது வெறும் மண். தீ சருகை எரித்து அதைத் தந்திருக்கிறது. கன்றுக்கு வேண்டியது வெயில். நிழல் செய்த சிறு மரங்களை எரித்துத் தீ அதையும் தந்திருக்கிறது. தாய்மரமோ அடியில் 60 சென்டிமீட்டர்வரை தடித்த, பிசின் குறைந்த, நாரடர்ந்த பட்டையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. கருகிய தழும்பு ஏற்படும். பின்னர் ஆண்டுக்கு ஆண்டு புதிய மரத்திசு வளர்ந்து அதனை மூடும். வெட்டுண்ட அடிமரங்களின் வளையங்களில் பதிந்துள்ள இத்தழும்புகளை எண்ணிய ஆய்வாளர்கள் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளின் தீ வரலாற்றைப் படித்திருக்கிறார்கள். சிறு தீக்கள் அடிக்கடி வந்துபோயின என்பதே அவ்வரலாறு. அவற்றுள் பலவற்றை மின்னல் மூட்டியது. சிலவற்றை மோனோ முதலிய பழங்குடி மக்கள் காட்டின் நலம் அறிந்தே மூட்டினர்.

1860களுக்குப் பின் அத்தழும்புகள் அரிதாகின்றன. பழங்குடியினர் நோயாலும் விரட்டப்பட்டதாலும் அருகிப்போயினர். ஆட்டு மந்தைகள் தீயைக் கொண்டுசெல்லும் புல்லை மேய்ந்து தீர்த்தன. அதன் பிறகு வந்தது பாதுகாப்பு.

பாதுகாப்புக்குத் தக்க காரணம் இருந்தது. இம்மரங்கள் மனிதரின் பேராசையை நன்கு அறிந்திருந்தன. 1853-இல் வடக்கே காலவெராஸ் தோப்பில் ஒரு பெருமரத்தைக் காட்சிப் பொருளாக்குவதற்காகச் சாய்த்தார்கள். எஞ்சிய அடிக்கட்டையை நடனமேடையாக்கினார்கள். கான்வர்ஸ் பேசின் என்னும் இடத்தில் ஒரு பெருந்தோப்பே அழிந்தது. விழும்போதே நொறுங்கிவிடும் இயல்புடைய மரம் அது. ஈராயிரம் ஆண்டு வளர்ந்ததை வேலிக்கால்களாகவும் கூரை ஓடுகளாகவும் விற்றார்கள். எனவே 1890-இல் செக்கோயா தேசியப் பூங்கா சட்டத்தால் நிறுவப்பட்டபோதும், 1891 முதல் 1913 வரை குதிரைப்படை வீரர்கள் கோடைதோறும் வந்து காவல் புரிந்தபோதும், அது நன்மையே. கோடரியைத் தடுத்தார்கள். அதே கையால் தீயையும் தடுத்தார்கள். காட்டை நேசிப்பவன் தீயை அணைப்பான் என்பதில் அன்று எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

தீ வராத காட்டில் சருகு உயர்ந்தது. நிழலிலும் வளரவல்ல வெள்ளை ஃபிர் மரங்கள் அடர்ந்து எழுந்தன. பார்ப்பதற்குக் காடு முன்பைவிடப் பசுமையாகவே இருந்தது! செக்கோயாக் கன்றுகள் மட்டும் இல்லை. 1960களில் ரிச்சர்டு ஹார்ட்டெஸ்வெல்ட் என்னும் பேராசிரியரும் அவருடன் உழைத்தவர்களும் சிறு பகுதிகளில் தீமூட்டி ஆராய்ந்தபோது, எரிந்த மண்ணில் கன்றுகள் முளைப்பதைக் கண்டனர். 1968-இல் தேசியப் பூங்காத் துறை தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இப்பூங்காவின் அதிகாரிகளே, காற்றையும் ஈரத்தையும் அளந்து, திட்டமிட்டுத் தீ மூட்டத் தொடங்கிவிட்டனர். எல்லோரும் இதனை ஏற்கவில்லை. 1980களின் நடுவில், கருகிய மரப்பட்டைகளைக் கண்ட மக்கள் வருந்தி முறையிட்டனர். திட்டத்தை வெளியிலிருந்து வந்த அறிஞர் குழு ஒன்று மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. அம்மக்களைக் குறைகூறலாகாது. நேசிக்கும் ஒன்றின் மேல் கரி படிவதைக் காணப் பொறுக்காதது மனித இயல்பு.

பாட்டியின் முகாம்

பிற்பகலில் பாட்டி குடும்பத்தினரைத் தம் பழைய முகாம் இருந்த இடத்திற்கு அழைத்துச் செல்கிறார். வழியில், அன்று கடையாக இருந்த கட்டடம் தெரிகிறது. அது இன்று அருங்காட்சியகம். மற்றவை எதுவும் இல்லை. பாட்டி இங்கும் அங்கும் நடந்து பார்க்கிறார். ஒரு பெருமரத்தின் தழும்பை வைத்து இடத்தை அடையாளம் காண்கிறார். கூடாரம் இருந்த இடத்தில் கன்றுகள் நிற்கின்றன; சிறுவனின் தோளளவு சில, அவனைவிட உயரமாகச் சில.

நடந்தது இதுதான். தோப்பின் நடுவே இருந்த சிற்றூர் மரங்களுக்குக் கேடு செய்கிறது என்பதைப் பூங்கா நிர்வாகம் 1930களிலேயே உணர்ந்திருந்தது. அப்போது கண்காணிப்பாளராக இருந்த கர்னல் ஜான் வைட், விடுதிகளை அகற்ற வேண்டும் என்று போராடினார். முழுவதும் அகற்ற அவரால் இயலவில்லை. மக்கள் அவ்விடத்தை மிகவும் விரும்பினார்கள். தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். தாங்கள் சிறுவயதில் தூங்கிய இடத்தில் தங்கள் பிள்ளைகளும் தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். முகாம்களை முதலில் அப்புறப்படுத்தினார்கள். 1990களின் இறுதியில்தான் எஞ்சிய விடுதிகளும் மூடப்பட்டு, மொத்தம் 282 கட்டடங்கள் அகற்றப்பட்டன. தார்ச்சாலையைப் பெயர்த்தார்கள், கழிவுநீர்க் குழாய்களைத் தோண்டி எடுத்தார்கள், இறுகிய மண்ணைக் கிளறி இளக்கினார்கள்.

வேர்கள் நசுங்கியதும் மண் இறுகியதும் எல்லோர்க்கும் எளிதில் விளங்கும் காரணங்கள். அவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. வீடுகள் இருக்கும் இடத்தில் தீயை அனுமதிக்க முடியாது. தீயை அனுமதிக்காத இடத்தில் கன்று முளைக்காது. மக்கள் அந்த மரங்களின் அடியில் வசிக்கும்வரை, அம்மரங்களுக்கு வாரிசு இல்லை. எவரும் ஒரு கிளையைக்கூட ஒடிக்கவில்லை. நேசித்து, அருகில் குடியிருந்தார்கள், அவ்வளவே.

பாட்டியின் கண்கள் கலங்குகின்றன. தம் இளமையின் மிக இனிய காலைப்பொழுதுகள் விடிந்த இடம் அது. அதன் அடையாளமே துடைக்கப்பட்டிருக்கிறது. வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கன்றுகளை எண்ணத் தொடங்கிய பேரன் நாற்பதுக்கு மேல் எண்ணிக்கையைத் தவறவிட்டு, மீண்டும் முதலிலிருந்து எண்ணுகிறான். பாட்டி ஒரு பாறையில் அமர்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அநபிஷ்வங்கம்

பகவத்கீதையின் 13-ஆம் அத்தியாயம் ஞானத்திற்குச் சாதனமான பண்புகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று, மக்கள், மனைவி, வீடு முதலியவற்றில் 'அநபிஷ்வங்கம்'. இச்சொல்லைக் கேட்டதும் இல்லறத்தார் பலர் துணுக்குறுவதுண்டு. பிள்ளைகளிடம் அன்பு வைக்கலாகாது என்பது இதன் பொருளானால், இது துறவிக்கு மட்டுமே உரிய உபதேசமாகிவிடும். இல்லறத்தார் அப்பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே போகலாம்.

ஸ்ரீசங்கரர் தம் பாஷ்யத்தில் தரும் விளக்கம் அத்தகையதன்று. அபிஷ்வங்கம் என்பது பற்றின் ஒரு தனி வகை என்கிறார் அவர். பிறரைத் தன்னினும் வேறல்லர் என்று எண்ணி, அவருடைய சுகத்தைத் தன் சுகமாகவும், அவருடைய துக்கத்தைத் தன் துக்கமாகவும், அவர் வாழ்வைத் தன் வாழ்வாகவும் கொண்டுவிடுவது அது. இதுவன்றோ அன்பின் உச்சம் என்று தோன்றும். சற்று நின்று பார்த்தால் இதிலுள்ள குழப்பம் புலனாகும். மகனின் துன்பத்தை என் துன்பமாக்கிக்கொண்ட பிறகு, நான் தடுக்க முனைவது எவருடைய துன்பத்தை? அவன் விரல் சுடாதிருக்க வேண்டும் என்பதா, என் மனம் பதறாதிருக்க வேண்டும் என்பதா? இரண்டையும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுவதே அபிஷ்வங்கம். அந்நிலையில் மகன் கண்ணுக்குத் தெரிவதில்லை; மகனைப் பற்றிய தன் பதற்றமே தெரிகிறது. செக்கோயாத் தோப்பிலும் இதுவே நிகழ்ந்தது. மக்கள் காத்தது, தாங்கள் கண்டு மகிழ்ந்த காட்சியை. காட்டின் தேவையோ வேறாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தவம் என்னும் சொல்லின் வடமொழி மூலமே வெப்பத்தைக் குறிப்பது. ஆகவே தீயைத் தவத்தோடு ஒப்பிட்டு, துன்பம் எல்லாம் நன்மைக்கே என்று பேசிவிடுவது எளிது. 2020-இல் நடந்ததை அறிந்தவர்கள் அவ்வாறு பேசமாட்டார்கள். அவ்வாண்டின் 'காசில்' தீயில் உலகிலுள்ள பெரிய செக்கோயாக்களில் 10 முதல் 14 சதவீதம் மடிந்திருக்கலாம் என மதிப்பிட்டனர். 2021-இன் தீக்களில் மேலும் 3 முதல் 5 சதவீதம் அழிந்தன. எத்தனையோ தீக்களைத் தாங்கித் தழும்பேறிய மரங்கள் அவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றவை. 2012 முதல் 2016 வரை நீடித்த கடும் வறட்சியும், வெப்பமடைந்துவரும் பருவநிலையும் காரணங்கள். நூறாண்டாகத் தடுக்கப்பட்ட சிறு தீக்களுக்குரிய விறகெல்லாம் எரியாமல் குவிந்து கிடந்ததும் காரணம். அடர்ந்த ஃபிர் மரங்களை ஏணியாகக் கொண்டு தீ உச்சிக்கு ஏறியது. உச்சி எரிந்தால் செக்கோயா பிழைப்பதில்லை. அங்கே தீ கூம்பைத் திறக்கவில்லை. கூம்பையும் சேர்த்து எரித்தது. சிறு தீயைத் தவிர்த்தவர்கள் தீயையே தவிர்த்துவிட்டதாக எண்ணியிருந்தார்கள்.

2021 செப்டம்பரில் அத்தீ பெருமரக் காட்டை நெருங்கியபோது, ஜெனரல் ஷெர்மனின் அடிமரத்தைச் சுற்றி வெப்பம் தாங்கும் அலுமினியத் தாளைப் போர்த்தினார்கள் தீயணைப்பு வீரர்கள். அப்படம் உலகெங்கும் வெளியாயிற்று. படத்தில் தெரியாத காப்பு வேறொன்று இருந்தது: அரை நூற்றாண்டாக அத்தோப்பில் மீண்டும் மீண்டும் மூட்டப்பட்டுவந்த சிறு தீக்கள். சருகு குறைந்திருந்த அவ்விடத்தை அடைந்ததும் பெருந்தீ தணிந்து தரையோடு தவழ்ந்தது. ஷெர்மன் பிழைத்தது.

ஆகவே விலகி நிற்பது என்பது கைவிடுவதன்று. காற்றை அளந்து, நாள் பார்த்து, தீயின் ஓரத்தில் இரவெல்லாம் நின்று காவல் புரிபவர் சோம்பியிருப்பவர் அல்லர். வித்தும் எரிந்துபோன சில தோப்புகளில் நாற்றுகளைக் கையால் நடுவதென்று 2023-இல் பூங்கா நிர்வாகம் முடிவெடுத்தது. காட்டைத் தன் வழியில் விடுங்கள் என்று கூறி அதனை எதிர்த்தவர்களும் உண்டு. எப்போது கைநீட்டுவது, எப்போது கையை விலக்குவது என்பதற்கு எக்காலத்துக்கும் பொருந்தும் விதி அங்கே எவரிடமும் இல்லை. எதிரில் இருப்பதை அதன் இயல்பில் உற்றுப் பார்ப்பதொன்றே வழி. அபிஷ்வங்கம் மறைக்கும் பார்வையும் அதுவே.

சிறுவனின் சட்டைப்பையில் கூம்பு இருக்கிறது. பூங்காவிலிருந்து கூம்பை எடுத்துச் செல்லலாகாது என்ற அறிவிப்பைத் தந்தை காட்டுகிறார். "ஒன்றே ஒன்றுதானே" என்று தொடங்கியவன், வேலியருகே காலையில் கேட்டது நினைவுக்கு வர, நிறுத்திக்கொள்கிறான். எங்கே வைப்பது என்று வெகுநேரம் யோசித்து, பாட்டியின் கூடாரம் இருந்த இடத்திற்குத் திரும்பிப் போய் அங்கே வைத்துவிட்டு வருகிறான்.

இரவு மீண்டும் முகாமில் குளிர். இம்முறை தாய் தீப்பெட்டியை எடுத்து மகனிடம் நீட்டுகிறார். கொடுத்த பிறகும் அவர் கை சற்று நேரம் காற்றிலேயே நிற்கிறது. பிறகு எழுந்து இரண்டடி தள்ளி அமர்ந்துகொள்கிறார். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது விரல் நுனிவரை எரிந்து, அவன் "ஆ" என்று உதறினான். தாய் பாதி எழுந்து, மீண்டும் அமர்ந்தார். மூன்றாவது குச்சியில் சருகு பற்றிக்கொண்டது.

உறங்கப் போகுமுன் பாட்டி அவனுக்குத் தீயை அணைக்கும் முறையைக் காட்டினார். நீரைக் கொட்ட வேண்டும். குச்சியால் கிளற வேண்டும். மீண்டும் நீர், மீண்டும் கிளறல். இறுதியில் சாம்பலின் மேல் புறங்கையைத் தாழ்த்தி வெம்மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவன் பார்த்தான். இன்னும் கொஞ்சம் சுடுகிறது என்று சொல்லி, நீர் கொண்டுவரக் குழாயடிக்கு ஓடினான்.